பச்சைப் பெயிண்டுக்குக் கீழே ஓர் அம்பு

பழைய ராணுவ ஊன்றுகோல்களைப் பார்த்து அடையாளம் சொல்கிற வேலையில் முதலில் பழக வேண்டியது, "இது எதுக்குங்க?" என்ற கேள்விக்குத் தலையைக் குனிந்துகொள்ளாமல் நிற்பது. தபால்தலை சேர்ப்பவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. பழைய காசு சேர்ப்பவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஆல்பத்தை எடுத்து நீட்டலாம். நாம் சேர்ப்பது அடிபட்டுக் கிடந்தவர்கள் எழுந்து நடக்கக் கொடுத்த கட்டைகள். வீட்டுக்குள் கொண்டுவந்தால் அபசகுனம் என்கிறார்கள். தெருவில் கொண்டுபோனால் "எப்ப ஆச்சு?" என்கிறார்கள். கைவிட முடியாத ஏதோ ஒன்றைச் சேர்த்துவிட்டு வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

என் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருகிறது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சர்ஜிக்கல் கடையில் வேலை. வாக்கர், சக்கர நாற்காலி, இடுப்பு பெல்ட், முழங்கால் உறை எல்லாம் விற்கிறோம். பி.காம். முடித்துவிட்டு பில் போடத்தான் சேர்ந்தேன். வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேச வராததால், முதலாளி சண்முகம் அண்ணன் ஒரே மாதத்தில் என்னைக் கல்லாவிலிருந்து எழுப்பி உள்ளறை மேசைக்கு மாற்றினார். ஊன்றுகோலின் அடியில் தேய்ந்துபோகும் ரப்பரை எங்கள் கடையில் புஷ் என்போம். புஷ் மாற்றுவது, கக்கத்தில் தாங்கும் கட்டைகளுக்கு மெத்தை மாற்றுவது, திருகு முடுக்குவது, இவைதான் என் வேலை. கட்டைகள் பேச்சுக் கொடுப்பதில்லை. எனக்கு அந்த மேசை பிடித்துப்போனது.

பக்கத்தில் வந்து நின்ற லாரி

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஷ் மாற்ற வருவார். அவருடையது கைப்பிடி வளைந்த, கனமான மரக் கைத்தடி. கைப்பிடிக்கு நாலு விரல் கீழே, மேல்நோக்கிய ஓர் அம்பும் அதன் அடியில் சில எண்களும் மரத்தில் அழுத்தி அடிக்கப்பட்டிருந்தன. அது என்னவென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சில வாரம் கழித்து அவினாசி ரோட்டு சிக்னலில் டவுன் பஸ் நின்றபோது, என் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ராணுவ லாரி வந்து நின்றது. அதன் நம்பர் பலகையில் எண்ணுக்கு முன்னால் அதே அம்பு. ராணுவத்துக்குச் சொந்தமான பொருள் என்பதற்கு அதுதான் குறி. லாரியை அத்தனை நாளாகப் பார்த்தும் எனக்குப் பட்டதில்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இது ராணுவ ஆஸ்பத்திரித் தடிங்களா?" என்று கேட்டுவிட்டேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் கடை வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். தடியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாப்பது வருசம் ஆச்சுங் அம்மணி. நானும் திருப்பிக் குடுக்கலீங், அவங்களும் கேக்கலீங். இப்பப் போயி நீங்க எங்கியாச்சும் எழுதிப்போட்றாதீங்க."

பச்சைக் கட்டை

அதிலிருந்து தேட ஆரம்பித்தேன். நாலு வருடத்தில் பதினொன்று சேர்ந்தன. அம்பு, அதன் கீழே வருடம், பித்தளையில் காது வைத்த திருகு, உயரம் மாற்றும் துளைகளுக்கு நடுவே பிசகாத இடைவெளி, இவையெல்லாம் சேர்ந்திருந்தால் ராணுவத்துடையது என்று சொல்லிவிடலாம். சண்முகம் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் "எங்க புள்ளை பார்த்தாலே சொல்லிப்போடுங்க" என்று பெருமையடிப்பார். எனக்குக் காது சூடாகும்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் தங்கமணியக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும். கருமத்தம்பட்டிக்குப் பக்கத்து ஊர். வீட்டோடு நாலு விசைத்தறி ஓடுகிறது. நூல் வந்த சாக்கில் சுற்றியிருந்ததைப் பிரித்தால், கக்கத்துக் கட்டை ஒன்று. பச்சை எனாமல் பெயிண்டு தடிமனாக ஏறி, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. "ஆயுத பூசைக்குத் தறிக்கு அடிச்சு மிஞ்சுற பெயிண்டுங் கண்ணு. அப்பா இருந்தப்ப அவரே அடிப்பாரு. போன பொறவும் நாங்க உடலீங். வருசத்துக்கு ஒரு கோட்டு" என்றார்.

அவருடைய அப்பா நாச்சிமுத்து இறந்து பதினாறு வருடம் ஆகிறது. இளவயதில் பட்டாளத்துக்குப் போனவர், சண்டையில் தொடையில் குண்டு பட்டு, மடங்காத காலோடும் இந்தக் கட்டையோடும் ஊர் திரும்பினார் என்பது அக்காவுக்குத் தெரிந்த கதை. இப்போது ஊர்ப் பள்ளிக்கூட வாசலில், பட்டாளத்துக்குப் போனவர்கள் பெயரை வெட்டிக் கல் வைக்கப் போகிறார்கள். ஆகஸ்டு பதினைந்தில் திறப்பு. கமிட்டித் தலைவர் அக்காவின் பெரியப்பா மகன் ராமசாமி. அவர் நாச்சிமுத்து பெயரைச் சேர்க்க மறுக்கிறார். நாச்சிமுத்து பெங்களூரில் ஓட்டலில் மாவாட்டப் போனவர், அங்கே மாடியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார், கட்டையை ஏலத்தில் எடுத்துவந்து பட்டாளம் என்று கதை கட்டினார் என்பது அவர் தரப்பு. பென்ஷன் வந்ததில்லை. காகிதங்கள் இருந்த பெட்டியைச் செல்லரித்துவிட்டது. மிச்சமிருக்கும் சாட்சி இந்தக் கட்டை ஒன்றுதான்.

ஒரு துண்டு பில் தாளைப் பெயிண்டின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் தாளில் தெரியும். மெல்ல ஓர் அம்பு எழும்பி வந்தது. "ராணுவத்துதுங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன். கேட்காமலே, உடனே, சத்தமாக. பெயிண்டை எடுத்து அம்பு நன்றாகத் தெரியும்படி செய்து தருகிறேன், கமிட்டிக்குக் காட்டலாம் என்றும் சொன்னேன். அவர் அந்தப் பில் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "போயிப் பதினாறு வருசம் ஆச்சு. இன்னிக்குத்தானுங் கண்ணு எங்கப்பன் பட்டாளத்துல இருந்து ஊடு வந்திருக்காரு."

உட்கார இடம்

கடையில் பெயிண்டு கரைக்கும் தின்னர் வாடை ஆகாது என்று கட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கட்டையோடு பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும், படி ஏறுவதற்குள் மூன்று பேர் எழுந்துவிடுவார்கள். அன்றைக்கும் கட்டையை இடப்பக்கம் இடுக்கிக்கொண்டு நான் ஏறியதும் ஓர் அம்மா எழுந்து என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. எப்படி ஆனது என்று கேட்டார்கள். "விழுந்துட்டேன்" என்றேன். ஒரு பொய் சொன்னால் மற்றதும் சேர்ந்து வருகிறது. கவுண்டம்பாளையத்தில் இறங்கும்போது, பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்ததால், கட்டையை வலது கக்கத்தில் வைத்து நொண்டிக்கொண்டே இறங்கினேன்.

கண்டக்டர் என் கைப்பையை வாங்கி, நான் தரையில் காலூன்றும் வரை பொறுமையாக நின்றார். பையைத் திருப்பிக் கொடுத்தபோது மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங் அம்மணி, ஏறும்போது எடது காலு, எறங்கும்போது வலது காலுங்களா?"

கட்டிலுக்கு அடியில்

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா காலையிலேயே பதினொரு கட்டைகளையும் பச்சைக் கட்டையையும் என் கட்டிலுக்கு அடியில் தள்ளி, போர்வையைத் தரை வரை தொங்கவிட்டிருந்தார். "இன்னிக்கு ஒரு நாளு வாயைத் தொறந்து நாலு வார்த்தை பேசு. அந்தக் கட்டையைப் பத்தி மட்டும் பேசிப்போடாத" என்றார். நான் பேசக்கூடிய ஒரே விஷயம் அதுதான் என்பது அம்மாவுக்கு ஏனோ தோன்றவில்லை.

கூடத்தில் இடம் போதாமல் மாப்பிள்ளையின் பெரியம்மா உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். செருப்பில்லாத காலைப் பின்னுக்கு இழுத்ததும் ஒரு தடி உருண்டு வெளியே வந்தது. அதை எடுத்து உள்ளே தள்ளக் குனிந்தவர், போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டார். அம்மா "கடைச் சரக்குங்க" என்றார். பெரியம்மா போர்வையைக் கீழே விட்டார். என்னைப் பார்த்து, "அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வெய்யி கண்ணு" என்றார். வைத்தேன். "அந்தச் சன்னலைத் தொறந்து உடு" என்றார். விட்டேன். "தண்ணி ஒரு டம்ளர்" என்றார். மூன்று முறை நடக்கவிட்டு என் பாதங்களை ஆராய்ந்தபின் அம்மாவிடம் சொன்னார்: "நடை நல்லாத்தானுங்க இருக்குது. அப்புறம் ஒத்தப் புள்ளைக்கு எதுக்குங்க பன்னெண்டு கட்டை?"

பாய் கடை

பெயிண்டு எடுக்க மூன்று நாள் ஆனது. பச்சை, நீலம், மறுபடி பச்சை, அதற்கும் கீழே இரும்புக் கதவுக்கு அடிக்கும் செங்காவி. தறிப்பட்டறையின் வரலாறே அதில் இருந்தது. கடைசியில் மரம் தெரிந்தது. நான் தேய்த்தெடுத்த அம்பும் தெரிந்தது. அதற்கு மேலே, அதன் நுனியோடு நுனி முட்டிக்கொண்டு, தலைகீழாக இன்னோர் அம்பு. என் பில் தாளின் அகலம் போதாமல் அது விட்டுப்போயிருந்தது.

உக்கடத்தில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். அவரிடம்தான் நான் நாலைந்து கட்டைகள் வாங்கியிருக்கிறேன். ஒரு காலத்தில் ராணுவ ஏலச் சரக்கு எடுத்தவர். என்னைப் பார்த்ததும் ஒரு தடியை நீட்டினார். "உங்களுக்குன்னே வெச்சிருக்கேன் பாப்பா, அம்பு போட்டது." வாங்கிப் பார்த்தேன். அம்பின் கருகல் இன்னும் கையில் ஒட்டியது. அம்பு கீழே பார்த்துக்கொண்டிருந்தது. "இது நேத்துச் சுட்டதுங்க பாய். தலைகீழா வேற இருக்கு" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கட்டையைத் திருப்பிப் புடிச்சா நேராயிடுது."

பச்சைக் கட்டையைக் காட்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். எதிரெதிர் அம்புகளை விரலால் தடவினார். கழித்துவிட்ட பொருளுக்கு அடிக்கும் குறி அது என்றார். ராணுவம் இனி வேண்டாமென்று விட்ட பொருள். ஏலத்திலும் போயிருக்கலாம், யாருக்காவது கையிலும் கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் பெங்களூர் ஓட்டலில் விழுந்தவரும் இதை வாங்கியிருக்கலாம். நான் கேட்காமலே பாய் அதையும் சொன்னார்: "கட்டை பட்டாளத்துக் கட்டைதான் பாப்பா. அதைப் புடிச்சிருந்த ஆளு பட்டாளத்து ஆளுன்னு இது சொல்லலையே."

சொல்ல வேண்டிய பேச்சு

அந்த இரண்டாவது அம்பை எனக்கும் பாய்க்கும் தவிர யாருக்கும் தெரியாது. கமிட்டியில் யாருக்கும் அதன் அர்த்தம் தெரியப் போவதில்லை. அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை தொட்டு வைத்தால் போதும். பொருள் சேர்க்கிறவர்களுக்கு இந்த ஆசை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் தங்கமணியக்காவுக்கு எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். 'டைப்பிங்' என்று மட்டும் அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்திருக்கும். பொறுக்க முடியாமல் அவரே கூப்பிட்டுவிட்டார்.

தறிச் சத்தத்துக்கு நடுவே சொன்னேன். அம்பு உண்மை, ஆனால் அது போதாது, இன்னோர் அம்பு இருக்கிறது, நான் முழுக்கப் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்றேன். மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒவ்வொரு தறியாக நின்றது. நாலும் நின்றபின், குரல் தெளிவாகக் கேட்டது. "நேத்துத்தானுங் கண்ணு, அந்தச் சீட்டை ராமசாமியண்ணன் மூஞ்சிக்கு நேரா ஆட்டிக் காட்டிப்போட்டு வந்தேன்."

மெத்தைக்கு அடியில்

கட்டையை வாங்கிப் போக மறுநாளே வந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். "குடுங் கண்ணு, சாமி ரூமுலயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். "புஷ்ஷும் மெத்தையும் புதுசாப் போட்டுத் தர்றேங்க்கா" என்றேன். எதிரிலேயே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கக்கத்துப் பலகையின் மேல் ரெக்சின். அதை அறுத்தால் பழைய சேலைத் துணி. "எங்கம்மாளுது" என்றார் அக்கா. அதற்கும் கீழே காக்கிக் கம்பளித் துண்டு, சிறிய ஆணிகளால் அடித்திருந்தது. பெயிண்டு எட்டாத இடம் அது. ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பித் துண்டை எடுத்தேன். பலகையின் மரத்தில், சூடு பண்ணின கம்பியால் இழுத்த கோணல் எழுத்தில், இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஒரு நீள எண்ணும் இருந்தன. ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில்காரரோடு கட்டை மாறிவிடாமல் இருக்க, அவரவர் படை எண்ணை இப்படிச் சூடு போட்டுக்கொள்வார்கள். என்னிடம் இருக்கும் பதினொன்றில் இரண்டில் அது உண்டு.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. இது யாருடைய எண் என்று எனக்குத் தெரியாது, உங்கள் அப்பாவுடையதாகவும் இருக்கலாம், வேறு யாருடையதாகவும் இருக்கலாம், ராணுவத்துக்கு எழுதிக் கேட்டால் ஒரு வழியாகத் தெரிந்துவிடும் என்றேன். வேறு பெயர் வந்தால் ராமசாமி சொன்னதுதான் நிலைக்கும் என்பதையும் சொன்னேன். அக்கா எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார். "எழுதுங் கண்ணு. இத்தனை வருசம் பொட்டு வெச்சுக் கும்புட்டிருக்கறோம். ஆரைக் கும்புட்டோம்னு தெரிஞ்சுபோட்டுமே."

இங்கிலீஷ் கடிதம்

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். பங்குனி போனது, சித்திரை போனது. இடையில் ராமசாமி கல்லுக்கு அளவெடுத்துவிட்டார். வாரம் ஒரு முறை அக்கா கூப்பிடுவார். "ஒண்ணும் வரலீங்களா?" "இல்லீங்க்கா." "செரி, வெச்சுரட்டுங்களா?" என்பார். வைக்கமாட்டார். என் வாழ்க்கையில் நான் அதிகம் போனில் பேசியது அவரோடுதான்.

ஆடி பிறந்த வாரத்தில் உறையைப் பிரிக்காமலே கடைக்கு எடுத்துவந்தார். "நீங்களே படிங் கண்ணு." படித்தேன். அந்த எண்ணுக்குரியவர் பெயர் நாச்சிமுத்து. தகப்பன் பெயர், ஊர், தாலுகா எல்லாம் சரியாக இருந்தன. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வரியில் நான் நின்றுவிட்டேன். "நிறுத்தாதீங்க" என்றார். சேர்ந்த வேலை, சமையல்காரர். மூன்றாம் வருடம், மலைப்பாதையில் அரிசி மூட்டை ஏற்றிப்போன லாரியிலிருந்து தவறி விழுந்து தொடை எலும்பு முறிவு. எட்டு மாதம் ஆஸ்பத்திரி. பிறகு படையிலிருந்து விடுவிப்பு. குண்டு என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை. இரண்டாவது பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

அக்கா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சண்முகம் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கடைசியில் அக்கா, யாரையோ புதிதாகப் பார்ப்பதுபோல அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஊட்டுல ஒரு நாளும் அடுப்புப் பக்கம் வந்தவரில்லீங் கண்ணு. எங்கம்மா காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட எங்களை ஓட்டலுக்குத்தானுங் கூட்டிட்டுப் போனாரு."

கல்லில் என்ன வெட்டுவது

கமிட்டி பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் கூடியது. கட்டையைப் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டுமென்று அக்கா என்னையும் கூட்டிப்போனார். கடிதத்தின் தமிழாக்கத்தை நான் எழுதி வைத்திருந்தேன். அக்கா எதையும் விட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் சமையல், லாரி, மூட்டை எல்லாம் அப்படியே இருந்தன. ராமசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பாதியிலேயே முகம் மலர்ந்தது. "நாந்தான் அப்பவே சொன்னனே! அடுப்படி வேலைக்குப் போனவருன்னு சொன்னேன், எழுதியிருக்குது. உழுந்தவருன்னு சொன்னேன், அதும் எழுதியிருக்குது." சுற்றியிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "இந்தக் கட்டை ஏலத்துக் கட்டைதானுங்களே அம்மணி?" என்றார்.

எழுந்து நின்றேன். கட்டையில் கழித்துவிட்ட குறி இருப்பது உண்மை, அதனால் கட்டையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன். ஆனால் மெத்தைக்கு அடியில் சூடு போட்டிருக்கும் எண் கடிதத்தில் இருக்கும் எண், அந்த எண் உங்கள் சித்தப்பாவுடையது என்றேன். மூன்று வாக்கியம். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கமிட்டிக்கு வந்திருந்த முன்னாள் படைவீரர் ஒருவர் எழுந்து வந்து, மெத்தை எடுத்திருந்த பலகையில் அந்த எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேரைச் சேருங்க" என்று மட்டும் சொன்னார்.

ராமசாமி இறங்கி வந்தார். சேர்க்கலாம், ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் ஹவில்தார், நாயக் என்று பதவி வருகிறது, சித்தப்பாவுக்கு அந்த இடத்தை மட்டும் வெறுமனே விட்டுவிடலாம், சமையல்காரர் என்று வெட்டினால் குடும்பத்துக்குத்தான் கேவலம், உனக்காகத்தான் சொல்கிறேன் தங்கமணி என்றார். அக்கா கட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "உழுந்தது நெசந்தானுங் அண்ணா, பட்டாளத்து லாரியில இருந்து உழுந்தாரு. சமையல்காரர்னே வெட்டச் சொல்லுங்க. இந்தக் கல்லுல இருக்கற அத்தனை பேரும் அங்க பட்டினியாவா கெடந்தாங்க?"

இத்தனைக்கும் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு கட்டையை அடையாளம் காண ஒரு பென்சிலும் துண்டுத் தாளும் போதும், ஆனால் அதைக் கொண்டுவந்தவர் முன்னால் நின்று பதில் சொல்லும்போதுதான் நமக்கே ஊன்றிக்கொள்ள ஒரு கட்டை தேவைப்படுகிறது.